நடுத்துறைமுகம் மீட்ட படலம்

பிறர் கண்ணின் பிழை தீர்க்கும் பெருந்தகையை, எட்டடிக் கடைக்குள் முந்நூறு மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் சூழ வீற்றிருக்கும் வேந்தனை, சுவரில் தொங்கும் எழுத்துப்பலகையைக் கோலால் தொட்டு "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்டே தெருவிலுள்ள முதியோரையெல்லாம் வியர்க்க வைத்த விறலோனை, ஐம்பத்திரண்டு அகவை நிரம்பிய பின்னும் "நமக்கு இன்னும் வெறுங்கண்ணுதான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் முரசறையும் முகட்டுப் பெருமையனை வணங்கி இக்கதையைத் தொடங்குகிறோம். சொல்லுக்குரிய தெய்வமே, எம் நாவில் வந்து அமர்க. பாடப்போவது ஓர் உணவு மேசையின் மேல் நடந்த போர்தான். உனக்கு அதிக நேரம் பிடிக்காது.

அவ்வண்ணலின் இல்லத்தில் 'கப்பல்' என்றொரு பலகையாட்டம் உண்டு. பதினோராண்டுகளாக, ஞாயிறுதோறும், பகல் மூன்று மணிக்கு, அடுக்களை துடைத்து முடித்த ஈரம் உலரும் முன்பே அந்தப் பலகை விரிக்கப்படும். நீலக்கடலின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறு துறைமுகங்கள். நடுவே மதிலும் மாடமும் தீட்டிய பெருந்துறைமுகம். பகடை உருட்டிக் கப்பல் செலுத்த வேண்டும். மூலையில் நிற்பவருக்கு மூன்று சுற்றுக்கு ஒரு மூட்டை உப்பு. நடுவில் நிற்பவருக்கோ சுற்றுக்கு ஒரு மூட்டை. மூட்டை மூன்று சேர்ந்தால் ஒரு கலங்கரை விளக்கம். முதலில் ஐந்து விளக்கம் எழுப்பியவரே வென்றவர். மரத்தால் செய்த மூட்டைகள் எப்போதோ துடைப்பத்தோடு போய்விட்டதால், மூட்டைக்கு ஒரு கோடு என்று கையில் கிடைக்கும் காகிதத்தில் கிழித்துக்கொள்வார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மலை போல் அசையாத இரு சட்டங்கள் அவ்வீட்டில் நின்று நிலவின. முதலாவது, முதல் உருட்டு இல்லத்தரசிக்கே உரியது. இரண்டாவது, ஒரு துறைமுகத்தில் ஒரு கப்பலே நிற்கலாம். உள்ளே இருப்பவர் தாமாக மனமிரங்கிப் புறப்படும் வரை மற்றவரெல்லாம் வெளியே காத்துக் கிடக்க வேண்டும்.

இச்சட்டங்கள் பிறந்த வரலாற்றை அறிந்தவர் உலகில் ஒருவரே. ஆட்டம் வாங்கிய முதல் நாளில், நம் தலைவர் விதித்தாளைக் கையில் ஏந்தி அரசாணை வாசிப்பவரைப் போல நிமிர்ந்து நின்றார். மேல்பாதி பெரிய எழுத்து, கணீரென்று படித்தார். கீழ்ப்பாதியை அச்சிட்டவர் காகிதத்தை மிச்சம் பிடிக்க நினைத்தாரோ என்னவோ, எழுத்தெல்லாம் எள்ளாகச் சிந்திக் கிடந்தது. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளிப் பிடித்தார். கையின் நீளம் தீர்ந்துபோயிற்று. வேறொரு தொழில் செய்பவராக இருந்தால் "கண்ணாடியை எடு" என்று சொல்லியிருப்பார். கண்ணாடி விற்பவர் அதைச் சொல்லலாமா? ஆகவே தாளில் இல்லாததை, இருப்பதைவிடக் கணீரென்று படித்தார். கேட்காமல் சோபா வாங்கிப் போட்டதற்காக மனைவி அன்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஆகவே முதல் சட்டம் தானாக வாயில் வந்தது. தன் கடைக்குள் ஒருவர் நிற்கும்போது இன்னொருவர் நுழைய முடியாது என்ற நெடுங்கால அனுபவத்திலிருந்து இரண்டாம் சட்டம் பிறந்தது. சட்டமியற்றும் மன்றங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும் வேலையை ஒரு கண்ணாடிக்கடைக்காரர் ஒரே மூச்சில் முடித்து, தாளை மடித்து வைத்துவிட்டார்.

சட்டம் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். இல்லத்தரசி, பொது அலுவலகம் ஒன்றில் மூன்றாம் எண் சாளரத்துக்குள் அமர்ந்து விண்ணப்பம் வாங்குபவர். வெளியே வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கே போனாலும் அவர் பாட்டுக்குக் கோந்துக் குப்பியைத் தேடிக்கொண்டிருப்பார். காக்க வைப்பதில் இருபதாண்டுப் பயிற்சி பெற்ற அப்பெருமாட்டியிடம் 'மனமிரங்கினால் புறப்படலாம்' என்றொரு சட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பச்சைக் கப்பல் முதல் உருட்டிலோ இரண்டாம் உருட்டிலோ நடுத்துறைமுகம் புகும்; நங்கூரம் பாய்ச்சும்; ஐந்தாம் விளக்கம் எழும் வரை அசையாது. பதினோராண்டில் அவர் தோற்றது மூன்றே முறை. அந்த மூன்று முறையும் அவருக்குக் காய்ச்சல்.

மூன்றாம் வீரர் அரசியின் தம்பி. குளிர்பதனப் பெட்டி பழுது பார்ப்பவர். "ரெண்டு நிமிஷத்துல அங்க இருப்பேன்" என்று காலையில் சொல்லிவிட்டு மாலையில் போய்ச் சேர்வதால் ஊரே அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர் சூட்டியிருந்தது. களத்தில் அவர் ஆற்றும் வீரச்செயல், சரியாக மூன்று நாற்பதுக்கு டீ கேட்பது.

நான்காமவள் மகள். நான்கு வயதில் தந்தையின் மடியில் அமர்ந்து பகடையை வாயில் போடப் பார்த்தவள். இப்போது பதினைந்து வயது. சென்ற ஞாயிறன்று ஆட்டம் தொடங்கும் முன் அவள் ஒரு துண்டுச்சீட்டில் ஏதோ எழுதி மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். ஆட்டம் முடிந்ததும் எடுத்து எல்லோர் முன்னும் பிரித்துக் காட்டினாள். "மூணு பத்து: அம்மா நடுவுல போய் உக்காருவாங்க. மூணு இருபத்தஞ்சு: அப்பா 'இது நியாயமே இல்ல'ன்னு சொல்லுவாரு. மூணு நாப்பது: மாமா டீ. நாலரை: அம்மா ஜெயிப்பாங்க" என்று அதில் இருந்தது. எதுவும் தவறவில்லை. டீ மட்டும் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தது, அதுவும் பால் பொங்கி வழிந்ததால்.

பிறகு அவள் தன் பிரகடனத்தை வெளியிட்டாள். "அடுத்த வாரத்தோட சரிப்பா. அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க. என்ன நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா எதுக்கு ஆடணும்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஊரார் கண்ணையெல்லாம் ஊடுருவும் நம் தலைவருக்கு அந்த நேரத்தில் தன் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாரத்தின் மற்ற ஆறு நாளும் மகள் அவருக்கு ஒரு கதவு சாத்தும் சத்தம், அவ்வளவுதான். ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் மட்டும் எதிரே உட்கார்ந்திருப்பாள். அலுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள், ஆனாலும் இருப்பாள். அதுவும் போய்விட்டால் என்ன செய்வது? அடுத்த ஆறு நாளும் கடைக்கு வந்தவர்களுக்கு அவர் பவர் பார்த்துக் கொடுத்தார். யாருக்கு என்ன கொடுத்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அந்நாளில் அவர் கண்ட பேரொளிதான் அச்சிறுபெட்டி. கடைவீதியின் விளையாட்டுச் சாமான் கடையில், சோப்புக்குமிழி ஊதும் குழலுக்கும் பொம்மைத் துப்பாக்கிக்கும் நடுவே, கையகலப் பெட்டி ஒன்று மின்னிக்கொண்டு நின்றது. 'கப்பல் ஆட்டத்துக்கு இணைப்பு. பழகிய பலகைக்குப் புத்துயிர்.' இத்தகைய இணைப்புப் பெட்டிகளின் இலக்கணம் உலகறிந்தது. பழைய சோற்றையே புதுத்தட்டில் போட்டு, தட்டுக்குத் தனி விலை சொல்வார்கள். ஆனால் கவலையில் கிடக்கும் தகப்பனுக்கு இலக்கணமெல்லாம் எங்கே தெரிகிறது? அவர் இருபுறமும் பார்த்தார். அறிந்த முகம் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டார். கால்சட்டைப் பையில் துடைப்புத்துணிக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்த படிப்புக்கண்ணாடியை எடுத்து மாட்டி, பெட்டியின் பின்புறத்தைப் படித்தார். ஆம், வெறுங்கண் வேந்தனிடம் அப்படியோர் ஆயுதம் இருந்தது. ஆறாண்டுகளாக இருந்தது. அது எவரும் அறியாத பெரும் ரகசியம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு வந்தது. மூன்று மணி அடித்தது. நால்வரும் நான்கு திசையில் அமர்ந்தனர். மகள் போன வாரம் போலவே ஒரு துண்டுச்சீட்டை எழுதி மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் செருகினாள். நாலரைக்குத் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தலைவர் பெட்டியை மேசை நடுவில் நிறுத்தி, புதையலின் மூடி திறப்பவரைப் போல மெல்லத் திறந்தார். பெட்டியின் முக்கால் பங்கில் காற்று இருந்தது. மிச்சத்தில் பன்னிரண்டு அட்டைகளும், மடித்த தாளொன்றும், நகத்தளவே இருந்த ஒரு மஞ்சள் படகும் கிடந்தன.

"இது எதுக்கு அத்தான்?" என்று மைத்துனர் படகைத் தூக்கிப் பார்த்துக் கேட்டார்.

"அதெல்லாம் போகப் போகத் தெரியும்" என்றார் தலைவர். அது எதற்கென்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

"சுற்றுக்கு ஒருத்தர் ஒரு அட்டை எடுக்கணும். அதுல என்ன போட்டிருக்கோ அது நடக்கும். இனிமே எதையும் யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது" என்று அவர் மகளைப் பார்க்காமல் மகளுக்குச் சொன்னார். தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஏனையோர் கையில் அது போகாமலிருப்பதே நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

போர் தொடங்கிற்று. பகடை உருண்டது, மேசை அதிர்ந்தது, சாளரத்தரசியின் பச்சைக் கப்பல் அலைகளைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, இரண்டே உருட்டில் நடுத்துறைமுகம் புகுந்து நங்கூரமிட்டது. சுவர்க்கடிகாரத்தில் மூன்று பத்து. மகள் நிமிர்ந்து மணி பார்த்தாள், அவ்வளவுதான்.

தலைவர் முதல் அட்டையை எடுத்தார். பதினோராண்டு அடிமைத்தளையை அறுக்கப்போகும் வாளை உருவுவது போல உருவினார். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'அமைதியான கடல். ஒன்றும் நிகழவில்லை.'

"எங்க ஆபீஸ்ல தினமும் இதுதான்" என்றார் அரசி.

இரண்டாம் அட்டையை மைத்துனர் எடுத்தார். 'உப்புக்குத் தட்டுப்பாடு. நடுத்துறைமுகத்தில் நிற்பவருக்கு மேலும் ஒரு மூட்டை.' அரசி தன் காகிதத்தில் ஒரு கோடு கூடுதலாகக் கிழித்துக்கொண்டார். மூன்றாவதில் அழகான திமிங்கிலம் ஒன்று இருந்தது. அது எதுவும் செய்யவில்லை. நான்காவது, மூலையில் நிற்பவர்கள் ஒரு சுற்றைத் தவறவிட வேண்டும் என்றது. புத்துயிர் தருவதாக மார்தட்டி வந்த பன்னிரு படைவீரரில் முன்வந்தவரெல்லாம் ஒருவர் பின் ஒருவராக எதிரியின் பாசறைக்கே போய்ச் சேரக் கண்ட தலைவர், நெஞ்சு கொதித்து, புறங்கையால் மேசையைத் தட்டி முழங்கினார்.

"இது நியாயமே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. மெல்லத் தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபத்தைந்து. மகளும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாற்பதுக்கு மைத்துனர் தொண்டையைச் செருமினார். "அக்கா, டீ" என்று வாயெடுத்தவர், எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "இல்ல, சும்மா கேட்டேன்" என்றார். டீ வந்தது.

நாலே காலுக்கு அரசியின் நான்காம் விளக்கம் எழுந்தது. ஐந்தாவதற்கு மூன்று மூட்டைதான் பாக்கி. மகள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி அரைவாசி எழுந்துவிட்டாள். போகிற போக்கில் அவள் முறைக்கான அட்டையைத் திருப்பிப் போட்டாள். 'நெரிசல். நடுத்துறைமுகத்தில் கடைசியாக நுழைந்த கப்பல் வெளியேறுக.'

மைத்துனர் துள்ளி நிமிர்ந்தார். "அக்கா, வெளிய."

"நான் முதல்ல நுழைஞ்சவ. கடைசியா நுழைஞ்சவங்களைத்தான் போகச் சொல்லுது. செல்லாது."

"முதல்லயும் நீதான், கடைசியிலயும் நீதான். உள்ள வேற யாரு இருக்கா?"

"அப்ப அட்டை தப்பு" என்றார் அரசி, குறையுள்ள விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும் குரலில்.

மகள் போகவில்லை. அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு படம் இருந்தது. மதிலும் மாடமும் சூழ்ந்த நடுத்துறைமுகத்துக்குள், பேருந்தில் ஏறியவர்கள் போல ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, நான்கு கப்பல்கள் நின்றன.

"அப்பா, இதுல நாலு கப்பலும் உள்ள நிக்குதே."

தலைவர் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். "வரைஞ்சவனுக்கு ஆட்டம் தெரியாதும்மா."

"அவங்க பண்ண ஆட்டம், அவங்களுக்கே தெரியாதா?"

"பிரிண்ட் மிஸ்டேக்கா இருக்கும்" என்று அரசி துணைப்படை அனுப்பினார். அரியணை ஆட்டங்கண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? மகள் தந்தையின் தொடைக்கு அடியிலிருந்து புதுத்தாளை உருவிப் பிரித்தாள். அட்டைகளைப் பற்றி நாலு வரி. கடைசியில், மற்றவை பழைய விதிகளின்படியே என்று இருந்தது.

"பழைய தாள் எங்க?"

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சே" என்ற தலைவர் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் மைத்துனர் குறுக்கிட்டார்.

"தொலையலையே. நான்தான மேசை ஆடுதுன்னு கால்ல மடிச்சுக் குடுத்தேன்."

பத்தாண்டுகளுக்கு முன் ரெண்டு நிமிஷத்தில் செய்து தருகிறேன் என்று சொல்லி, வாழ்நாளில் முதலும் கடைசியுமாக ரெண்டு நிமிஷத்தில் செய்து முடித்த வேலை அது. அவர் குனிந்தார், மேசையின் ஒரு காலைத் தோள் கொடுத்துத் தூக்கினார், தாளைப் பிடுங்கினார். அக்கணம் ஏழு கடலும் ஒருசேரக் கொந்தளித்ததென்ன, பலகை சரிந்ததென்ன, நான்கு வண்ணக் கப்பல்களும் சறுக்கி டீக் கோப்பைகளோடு மோதித் தரையில் சிதறியதென்ன. பன்னிரண்டு அட்டைகளால் ஆகாத காரியம் ஒரு மேசைக்காலால் ஆயிற்று. பதினோராண்டில் முதல்முறையாகப் பச்சைக் கப்பல் நடுத்துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, சோபாவுக்கு அடியில் போய் நின்றது.

மகள் அந்தத் தாளைப் பிரித்து, தூசியைத் தட்டி, படிக்காமலே தந்தையிடம் நீட்டினாள். "நீங்களே படிங்கப்பா. அன்னைக்கும் நீங்கதான படிச்சீங்க."

கடிகாரத்தில் நாலு இருபத்தெட்டு. தலைவர் தாளை வாங்கினார். கீழ்ப்பாதி அன்று போலவே எள்ளாகச் சிந்திக் கிடந்தது. பத்தாண்டு மிதிபட்டதில் எள் இன்னும் பொடியாகியிருந்தது. அவர் நெஞ்சுக்குள் இரு பெரும்படைகள் அணிவகுத்தன. ஒருபுறம் கடையின் மானம், எழுத்துப்பலகையின் கம்பீரம், வெறுங்கண் என்று ஊரெங்கும் அறைந்த முரசு; பழைய இரண்டு சட்டத்தையும் இன்னொரு முறை கணீரென்று சொல்லிவிட்டால் போதும், மனைவி ஆமாம் என்பார், மைத்துனர் டீயைக் குடிப்பார், எல்லாம் இருந்தபடியே இருக்கும். மறுபுறம் படை என்று சொல்ல ஒன்றுமில்லை. பின்னுக்குத் தள்ளிய ஒரு நாற்காலி மட்டும் இருந்தது.

"முதல் உருட்டு..." என்று தொடங்கி நிமிர்ந்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லப்போகும் அடுத்த வார்த்தையை அவள் உதடுகள் முன்கூட்டியே சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தன. அதில் கேலிகூட இல்லை. அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. வலக்கை தாழ்ந்தது, கால்சட்டைப் பைக்குள் புகுந்தது, துடைப்புத்துணியின் உறையைக் களைந்து, இருபுறமும் கொடுங்கை விரித்த, ஈராடி பொருந்திய, இரண்டேகால் பவர் கொண்ட அப்பேராயுதத்தை உருவி, வீட்டார் கண்முன்னே, பட்டப்பகலில், தன் மூக்கின் மீது நாட்டினார் நம் தலைவர்.

வீட்டில் இடி விழவில்லை. "கடையில மூணாவது டிராயர்ல இருக்குமே, அதுதானே?" என்று மனைவி கேட்டார். "போன வருஷம் நான்தான் அதுக்குக் கூடு தச்சுக் குடுக்கலாமான்னு பார்த்தேன். சொன்னா கோச்சுப்பீங்கன்னு விட்டுட்டேன்."

தலைவர் படித்தார். இம்முறை கணீரென்று படிக்கவில்லை. இருப்பதை இருந்தபடி, விரல் வைத்துப் படித்தார். "ஆடுவோரில் வயதில் இளையவர் ஆட்டத்தைத் தொடங்குக. ஒரு துறைமுகத்தில் எத்தனை கப்பல் வேண்டுமானாலும் நிற்கலாம். பிந்தி வருபவர், முன்பே நிற்பவர்களுள் ஒருவரிடமிருந்து ஒரு மூட்டை எடுத்துக்கொள்க."

"இளையவர்னா நானா?" என்றாள் மகள். "நான்தான் ஆரம்பிச்சிருக்கணுமா? இத்தனை வருஷமா?"

"ஆமாம்மா. அன்னைக்கு எனக்கு எழுத்து தெரியல. நானா ஏதோ சொல்லிட்டேன்."

"அப்ப முதல் உருட்டு எனக்குன்னு ஏன் சொன்னீங்க?" என்று அரசி விசாரணையைத் தொடர்ந்தார்.

"நீ கோவமா இருந்த. சோபா வாங்கினதுக்கு."

அரசிக்கு, அரியணை எதனால் கிடைத்தது என்று அறிந்த வருத்தமா, அறிந்ததில் ஒரு சின்னச் சந்தோஷமா என்று சொல்ல முடியாத முகம். "அந்த சோபா எனக்கு இன்னும் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு, குனிந்து அதன் அடியிலிருந்த பச்சைக் கப்பலை எடுத்தார்.

மேசை ஆடியது. மைத்துனர் இணைப்புப் பெட்டியின் அட்டையைக் கிழித்து நான்காக மடித்து மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தார், மேசை நின்றது. பழகிய பலகைக்குப் புத்துயிர் என்ற எழுத்துகள் கால்மாட்டில் தலைகீழாகத் தெரிந்தன. பன்னிரண்டு அட்டைகளும் டீக்கோப்பைகளுக்கு அடியில் போயின. ஆக, அச்சிறுபெட்டி பழைய ஆட்டத்தைப் புதுப்பித்ததா என்று கேட்கும் அறிஞர்கட்கு எமது விடை: புதுப்பித்தது, திறந்த பிறகு அதைப் பயன்படுத்துவதைக் கைவிட்டதால்.

மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் பகடையை உருட்டினாள். அதன்பின் நடந்ததை எவ்வாறு உரைப்பது? நடுத்துறைமுகத்தில் கப்பலோடு கப்பல் இடித்தது. மகள் தாயின் மூட்டையைக் கொள்ளையிட்டாள். தாய் தம்பியின் மூட்டையைப் பறித்தார். தம்பி அத்தானின் ஒரே மூட்டையை "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லியே எடுத்துக்கொண்டார். அத்தானோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக, எடுத்ததெல்லாம் இழந்து, இழந்ததெல்லாம் மறந்து, மகள் தன்னை ஏமாற்றிவிட்டுச் சிரித்த ஒவ்வொரு முறையும் தானும் சிரித்துக்கொண்டு, கடைசி இடத்தில் கம்பீரமாக நின்றார். மைத்துனருக்கு டீ நினைவே வரவில்லை. தோழியின் அழைப்பு இருமுறை வந்து நின்றது. மூன்றாம் முறை மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆனாலும் இருபதாண்டுச் சாளர அனுபவம் வீண்போகுமா? யாரிடம் எது பாக்கி, யார் எப்போது எதை விட்டுவிட்டுப் போவார் என்பதெல்லாம் அத்துப்படியான அரசி, ஐந்து ஐம்பதுக்கு, நான்கு கப்பல் நெரிசலுக்கு நடுவிலிருந்தே ஐந்தாம் விளக்கத்தை எழுப்பினார். சட்டத்தால் வென்றவர் இப்போது சட்டம் மாறிய பின்னும் வென்றார்.

அப்போது சர்க்கரை டப்பாவுக்கு அடியில் கிடந்த துண்டுச்சீட்டு நினைவுக்கு வர, தலைவரே அதை உருவிப் பிரித்து, மூக்கில் அமர்ந்த ஈராடியின் வழியே, வீட்டார் கேட்கப் படித்தார்: "மூணு பத்து: அம்மா நடுவுல. மூணு இருபத்தஞ்சு: 'நியாயமே இல்ல.' மூணு நாப்பது: மாமா டீ. நாலரை: அம்மா ஜெயிப்பாங்க. நாலு முப்பத்தொண்ணு: நான் எழுந்து போயிடுவேன், இனிமே வர மாட்டேன்." அதைப் படித்த நாவும், கேட்ட செவிகளும், ஆறு மணியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த சுவர்க்கடிகாரத்தின் முள்ளும், வென்ற கப்பலும் தோற்ற கப்பல்களும், மேசைக்காலடியில் மிதிபட்ட புத்துயிர்ப் பெட்டியும், அந்தக் கடைசி வரிக்கு என்ன தீர்ப்பு வரும் என்று மூச்சடக்கி நிற்க, அவ்விளநங்கை கையை நீட்டி அச்சீட்டைத் தந்தையிடமிருந்து வாங்கினாள்.

பின்பக்கம் காலியாக இருந்ததால், அடுத்த ஆட்டத்துக்கு மூட்டை குறிக்க அதிலேயே நாலு பேர் பெயரையும் எழுதினாள்.